இருபது குழாய் ரத்தம்

"இருபது பேருக்கும் டெங்கு ஆன்டிபாடி பாசிட்டிவ்வா?" விழுப்புரம் ஆய்வகத்தில் சுகாதார அதிகாரி நெடுஞ்செழியன் பதறினார். "கூட்டேரிப்பட்டு முழுக்க ஜல்தியா கொசு மருந்து அடிக்கணும்!"

ரத்தக் குழாய்களைக் கொண்டுவந்திருந்த களப்பணியாளர் வல்லரசு, சுவரில் சாய்ந்து நின்றான். "வீடு வீடா அலைஞ்சிக்கினு எடுத்தேன் சார்."

"மருந்து வேணாம் சார், ஆஸ்பத்திரில ஒரு பெட்டு போதும்" என்றாள் டெக்னீசியன் வேணி.

"ஏம்மா, புது கிட்டு தப்பா காட்டுதா?"

"கிட்டு சரியாத்தான் காட்டுது. இருபது குழாயிலயும் ஆன்டிபாடி அளவு ஒண்ணா இருந்துச்சு. சந்தேகப்பட்டு ரத்த குரூப்பும் பாத்தேன். இருபதும் ஏபி நெகட்டிவ். நூத்துல ஒருத்தருக்கு இருந்தாலே பெருசு."

வல்லரசு முழங்கைக்குக் கீழே சட்டைக் கையை இழுத்துவிட்டான். "ஊசியைப் பாத்தா யாருமே கையை நீட்டலைங்க..."

"அது இருக்கட்டும். உங்களுக்கு எத்தினி நாளா காய்ச்சல்?" என்றாள் வேணி.