வேற வாசல்

ராப்கேவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார் பரீட்சகர் கெஷே டாக்பா.

திபெத்திய மடத்து முற்றத்தில், கெஷே என்கிற பண்டிதப் பட்டத்துக்கான கடைசி வாதம் நடந்துகொண்டிருந்தது. பதில் சொல்பவன் தரையில் உட்காருவான். கேள்வி கேட்பவன் நின்றபடி, காலை உதைத்து, கையைத் தட்டிக் கேட்பான். சத்தம் அங்கே யாருக்கும் புதிதில்லை. ஆனால் ராப்கே செய்வது அநியாயம். பதில் சொல்ல உட்கார்ந்திருந்த சுல்ட்ரிமின் மூக்குக்கு நேரே குனிந்து, ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை, மூன்று தடவை, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல இழுத்து இழுத்துக் கத்தினான்.

"பிணத்துக்கும் காது இருக்கு. அது கேக்குதா? பிணத்துக்கும்... காது இருக்கு. கேக்குதா?"

சுற்றியிருந்த பிக்குகள் சிரித்தார்கள். டாக்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜபமாலையை உருட்டினார், வைத்தார், மறுபடி எடுத்தார். பாவம், சுல்ட்ரிம் பரம சாது. எதிராளியின் வாயைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். பயந்துபோய்விட்டான் என்று நினைத்தார்.

"கேக்காது" என்றான் சுல்ட்ரிம். "காது வெறும் வாசல். கேக்கறது மனசு."

"வாசல் அடைச்சுப்போனா? வாசல்... அடைச்சுப்போனா... மனசு என்ன பண்ணும்?"

"வேற வாசல் தேடும்."

சுல்ட்ரிம் தேறிவிட்டான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

டாக்பா ராப்கேவைத் தூணோரம் கூப்பிட்டார். குளிர்கால மகாசபையில் மடத்தின் சார்பில் வாதாடப் போகிறவர்கள் பட்டியலில் முதல் பெயர் அவனுடையதுதான். பதினெட்டு வருஷம் உயிரைக் கொடுத்துப் படித்ததே அதற்காகத்தான்.

"கூடவே உக்காந்து படிச்சவனை நாலு பேர் நடுவுல இப்படியா கேவலப்படுத்துவே? ஆத்மான்னு ஒண்ணு கிடையாதுன்னு வாய் கிழியப் பேசறே. 'நான்'ங்கிறது மட்டும் உனக்கு மலையளவு இருக்கு."

பட்டியலில் அவன் பெயரை அடித்தார். ராப்கேவின் கண் கலங்கியது. தலையைக் குனிந்துகொண்டான்.

சுல்ட்ரிமுக்காவது நாலு நல்ல வார்த்தை சொல்வோம் என்று கூப்பிட்டார் டாக்பா. அவன் திரும்பாமல் போய்க்கொண்டிருந்தான். மறுபடி கூப்பிட்டார். பத்தடி தூரம்தான். பின்னாலேயே போய், முதுகை ஒட்டி நின்று உரக்கக் கூப்பிட்டார். அவன் பாட்டுக்கு வெண்ணெய்த் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.

டாக்பா வேகவேகமாகத் தூணோரம் நின்ற ராப்கேவிடமே திரும்பினார்.

"எப்போலேர்ந்துடா அவன் இப்படி?"

"போன மழைக்காலத்துல அவனுக்குக் காய்ச்சல் வந்துச்சே, அதுலேர்ந்து. வாயசைவைப் பார்த்துத்தான் சமாளிக்கறான். தெரிஞ்சா வாதத்துக்கே உக்கார விட மாட்டாங்கன்னு பயம் அவனுக்கு."

டாக்பா பதறிப்போய்ப் பட்டியலை விரித்தார். பெயரை மறுபடி எழுதப் பேனாவை வைத்தபோது ராப்கே அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம் கெஷே. திருத்தினா, ஏன் திருத்தினீங்கன்னு எல்லாரும் கேப்பாங்க."