புளியங்கொட்டை ஓட்டு

கற்பூரம் அணைத்துச் சத்தியம், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஜவ்வாது மலை மைதானத்தில் வெயில் சாய்கிறது. வென்ற அணியினர் கழற்றிய இடக்கால் ஷூக்கள் வரிசையாக நிற்கின்றன. தோற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து, சிறந்த ஆட்டக்காரர் என்று நினைப்பவரின் ஷூவில் ஒரு புளியங்கொட்டை போடுகிறார்கள். 1978-லிருந்து இதுதான் ஓட்டு. மூன்று வருஷமாக ஒரே ஓட்டு வித்தியாசத்தில் பரிசைக் கோட்டைவிட்ட கோல்கீப்பர் அன்பரசன், இந்த முறை வென்ற அணியில் இருப்பவன், தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் ஷூவில் விழும் கொட்டையெல்லாம் கிழிந்த அடிப்பக்கம் வழியாக வெளியே உருள, கட்டெறும்புகள் அவற்றைத் தூக்கிப் பக்கத்து ஷூவுக்குள் போடுகின்றன. “இன்னாயா பாத்துக்கினு கீற, போய் எடு,” என்கிறாள் மனைவி கல்பனா. “தொட்டா என் பேரை அடிச்சிடுவாங்கமே.” “எறும்பு மட்டும் தொட்லாமா?” வாக்குப்பதிவை முடிக்க நடுவர் விசிலை வாயில் வைக்கிறார். இந்த ஊரில் அன்றும் இன்றும் எல்லாரும் வெறுங்காலோடுதான் பந்தாடுகிறார்கள்; ஷூ போட்டவர் ஒருவர்கூட இல்லை.