நீதிபதியின் டிரைவர்

"முதலாளியைக் கொன்னவனையா நமக்கு டிரைவரா வெக்கப் போறீங்க? உங்களுக்கு என்னப்பா ஆச்சு?"

மகன் குதித்தான். அப்பா செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தார்.

"கொன்னான்னு யார் சொன்னது?"

"கீழ்க்கோர்ட்டு சொல்லிச்சு. ஏழு வருஷம் உள்ள இருந்தவன்பா!"

"மேல்கோர்ட்டு இல்லைன்னு சொல்லிடுச்சே."

மேல்கோர்ட்டு என்றால் அப்பாதான். மேல்முறையீட்டு நீதிபதியாக உட்கார்ந்து, கீழே எழுதிய தீர்ப்பு சரியா தப்பா என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். கோர்ட் விஷயத்தை ஒருநாளும் வீட்டுப் படி ஏற்றியதில்லை. போன மாதம் ஓய்வு பெற்றதும் அரசாங்கக் காரும் டிரைவரும் போயாச்சு. கண் ஆபரேஷனுக்குப் பிறகு சொந்தக் காரை அவரால் ஓட்ட முடியாது. வேலை கேட்டு வந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு இந்த ஆளைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்.

"விடுதலை பண்ணீங்க, சரி. அதோட விடுங்களேன். வீட்டுக்கே கூட்டிக்கிட்டு வரணுமா? அம்மா தனியா அந்த வண்டியில போக வேணாமா?"

"வெளிய வந்ததுலேர்ந்து ஒருத்தரும் அவனுக்கு வேலை தரல. எல்லாருக்கும் உன் பயம்தான்."

"பயப்படறது தப்பா?"

"தப்புன்னு நான் சொல்லலையே."

இப்படிப் பேசுகிறவரிடம் என்னத்தை வாதாடுவது?

மறுநாள் கண் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. மகன் லீவு போட்டுவிட்டுக் கூடவே கிளம்பினான். முன் சீட்டில் உட்கார்ந்து டிரைவரின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தான். ஒல்லியான ஆள், நாற்பது வயது இருக்கும். பள்ளம் வந்தால் மெல்ல இறக்கி மெல்ல ஏற்றி, ஹாரனைக்கூடத் தொடாமல் பதவிசாக ஓட்டினார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதுவே மகனுக்கு எரிச்சலாக இருந்தது.

சிக்னலில் வண்டி நின்றது. அதற்குமேல் அவனால் அடக்க முடியவில்லை.

"இதோ பாருப்பா, மனசுல ஒண்ணு வெச்சுக்க. எங்கப்பா மட்டும் அன்னிக்கு உன்னை விடுதலை பண்ணலைன்னா, நீ இன்னும் கம்பி எண்ணிக்கிட்டுதான் இருப்ப. அந்த நன்றி இருக்கட்டும்."

டிரைவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க சார். என் கேஸைக் கேட்டது மூணு ஜட்ஜுங்க. என்னை விட்டது மத்த ரெண்டு பேரு. ஐயா மட்டும்தான் நான் கொன்னேன்னு எழுதினவரு."

மகன் வெடுக்கென்று பின்னால் திரும்பினான்.

"ஆமா, எழுதினேன்," என்றார் அப்பா. "ஆனா ரெண்டு பேர் சொன்னதுதான்டா தீர்ப்பு. அது எனக்கும் சேர்த்துத்தான். பச்சை விழுந்துடுச்சு, எடுப்பா."