தெற்கு மண்டலத்தின் பலம்

போட்டிக் குழுவின் கடிதத்தில் “பலவீனமான மண்டலம்” என்று மலாய் மொழியில் எழுதியிருந்ததை யுகேந்திரன் மூன்றாவது முறையாகப் படித்தார்.

மூன்று முறை படித்தாலும் அது பலவீனமாகவே இருந்தது.

தேசியக் கல்லூரிப் பெண்கள் கால்பந்துப் போட்டிக்கு, ஒவ்வொரு மண்டலத்திலும் முதலாவதாக வரும் அணி நேராகப் போய்விடும். மிச்சம் இருப்பது ஒரே ஓர் இடம். இரண்டாவதாக வந்த அணிகளில் ஒன்றுக்கு அதைப் போட்டிக் குழு பார்த்துக் கொடுக்கும்.

அந்த ஓர் இடத்துக்காகத்தான் மலேசியாவின் தெற்குக் கோடியில், ஜொகூரின் செனாயில் இருக்கும் இந்தக் கல்லூரி அணி பத்து நாளாகச் சாப்பாடு இறங்காமல் காத்திருந்தது. யுகேந்திரன்தான் பயிற்சியாளர். அவருக்கும் இறங்கவில்லை.

பதினோரு ஆட்டம், பத்து வெற்றி. இறுதியாட்டத்தில் மட்டும் தோல்வி, அதுவும் பெனால்டியில்.

இடம் போனது நடு மண்டலத்து அணிக்கு. நான்கு ஆட்டம் தோற்ற அணி! கேட்டால், மண்டல பலமாம். பலசாலிகளிடம் தோற்றால் அதற்கும் புள்ளி உண்டாம். சோப்ளாங்கிகளை ஜெயித்தால் அது கணக்கில் வராதாம்.

இது எந்த ஊர் நியாயம்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மற்றவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை, இதைச் சும்மா விடப்போவதில்லை என்று முடிவு செய்தார்.

வந்த ஆத்திரத்தில் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டு, கடிதம் மொத்தத்தையும் அணியின் வாட்சப் குழுவுக்குத் தள்ளிவிட்டார். பிள்ளைகளும் பார்க்கட்டும். தெற்கே இருப்பவர்கள் என்றாலே இவர்களுக்கு இளக்காரம்தான்.

அவர் மைதானத்துக்கு வந்தபோது பதினெட்டுப் பெண்களும் கோல் கம்பத்தருகே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் பூட்ஸ் கயிற்றைக் கட்டவில்லை. விமானம் ஒன்று தலைக்கு மேலே இரைந்து இறங்கிப் போனது.

லோஷினி அணித் தலைவி. இது அவளுக்குக் கடைசி செமஸ்டர். நாட்டு அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறவர்கள் அந்தத் தேசியப் போட்டிக்கு மட்டும்தான் வருவார்கள்; ஒரு மண்டல ஆட்டத்தைப் பார்க்க அவர்கள் ஜொகூர் வரை வந்ததாகச் சரித்திரமே இல்லை.

போட்டி இல்லையென்றால், அடுத்த மாதம் அவள் சிங்கப்பூருக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் தொழிற்சாலை பஸ்ஸில் ஏற வேண்டியதுதான். அந்த பஸ்ஸில் ஏறிய பிறகு பந்தைத் தொட்டவர்கள் யாரையும் யுகேந்திரனுக்குத் தெரியாது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

“கோச், கடைசில ஒரு பழைய லெட்டர் ஒட்டி வெச்சிருக்காங்க, பாத்தீங்களா? நம்ம மண்டலத்து கோச்சே ஒருத்தரு ரெண்டு வருசத்துக்கு முன்ன எழுதுனதாம் லா. அத வெச்சித்தான் நம்ம தலையில மண்ண அள்ளிப் போட்டிருக்காங்க.”

எழுதியவர் பெயரும் கல்லூரியின் பெயரும் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருந்தன.

அவள் உரக்கப் படித்தாள். மலாயில் இருந்ததால் அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது. தெற்கு மண்டலத்தில் ஆட்டம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஓர் அணி ஒன்பது பேரோடு வருகிறது. இன்னோர் அணியின் கோல் கீப்பர் சிலிப்பரோடு வந்து நிற்கிறார். இங்கே பத்து கோல் போடுவதும் சுவரில் பந்தை உதைப்பதும் ஒன்றுதான்.

யாரோ ஒருத்தி கெட்ட வார்த்தை சொன்னாள். வழக்கமாக அதற்கு யுகேந்திரன் ஆளை விரட்டி விரட்டி ஓடவிடுவார். இன்று அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

கெலாங் பாத்தா கல்லூரி கோச்சாகத்தான் இருக்கும் என்றாள் ஒருத்தி. அந்த ஆளுக்கு வாய் நீளம் என்றாள் இன்னொருத்தி. கூட இருந்தே குழி பறித்தவன் நாசமாய்ப் போகட்டும் என்று மூன்றாவது ஒருத்தி சாபமே கொடுத்தாள்.

அத்தனை நேரம் கொதித்துக்கொண்டிருந்த யுகேந்திரன், லோஷினிக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார்.

அவள் அடுத்த பக்கத்தைத் தள்ளினாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த மைதானத்தில் லைன் கிடைப்பது எப்போதும் இழுபறிதான்.

“இன்னும் ஒரு வரி இருக்கு போல கோச். வர மாட்டேங்குது.”

யுகேந்திரன் புல்லைப் பார்த்தபடி, அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில், அதே மலாயில் சொன்னார். ஆகவே, என் பிள்ளைகளை நடு மண்டலத்துக்கு மாற்றித் தாருங்கள். அவர்கள் இதைவிட நல்ல ஆட்டத்துக்குத் தகுந்தவர்கள்.

பக்கம் திறந்தது. லோஷினி படித்தாள். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

இரண்டு வருடமாக அந்தக் கடிதத்துக்கு அவருக்குப் பதிலே வரவில்லை. இப்போதுதான் வந்திருக்கிறது.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

எழுதியவன் யாரென்று தெரிந்தால் உண்டு இல்லை என்று ஆக்கிவிட வேண்டும் என்று பின்னால் ஒரே சத்தம். உனக்கு யார் மேல் சந்தேகம் என்று தலைவியைக் கேட்டார்கள்.

யார் மேலும் இல்லை என்று சொல்லிவிட்டு லோஷினி எழுந்தாள். ஒரு பந்தை எடுத்துக்கொண்டு, அவரைத் தாண்டி, மைதானத்தின் மறுகோடிக்குத் தனியாக நடந்தாள்.