தண்டையார்பேட்டையிலிருந்து நடந்தவன்

"புரிந்ததா?" என்று இங்கிலீஷில் கேட்டார் கிருஷ்ணப்பன்.

"எஸ் சார்!" என்றது வகுப்பு.

இப்படி ஒரே குரலில் பதில் வந்தால் ஒருவனுக்கும் புரியவில்லை என்று அர்த்தம். ராயபுரத்துக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்த இந்த ஒரு வருஷத்தில் அவர் கற்றுக்கொண்டது அது.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கடைசி பெஞ்சில், வெள்ளைக் கோட்டும் உயரமான பார்சித் தொப்பியுமாக, கல்லூரிக் கமிட்டியின் ஜஹாங்கீர் உட்கார்ந்திருந்தார். பம்பாய்க்காரர், தமிழ் தெரியாது என்று சொல்லிக்கொண்டார்கள். இன்று அவர் தலையசைத்தால்தான் வேலை நிலைக்கும்.

வகுப்பில் தமிழ் பேசக் கூடாதென்று சட்டம். கிருஷ்ணப்பனுக்கு அதில் ஒரு நிம்மதி. புளியந்தோப்பில் கூலிக்காரர்களின் லைன் வீட்டில் பேசி வளர்ந்த தமிழ் அவருடையது. அது வெளியே வந்தால் இந்தப் பையன்கள் மதிக்க மாட்டார்கள் என்று பயந்திருந்தார்.

'லிமிட்' கணக்கை மறுபடி இங்கிலீஷில் ஆரம்பித்தார். ஒருவன் தண்டையார்பேட்டையிலிருந்து ராயபுரத்துக்கு நடக்கிறான். முதலில் பாதி தூரம். பிறகு மீதியில் பாதி. பிறகு அந்த மீதியிலும் பாதி. அவன் எப்போது வந்து சேருவான்?

முன் பெஞ்சுப் பரசுராமன் எழுந்தான்.

"டிராமில் ஏறினால் உடனே, சார்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஜஹாங்கீர் சிரிக்கவில்லை. கிருஷ்ணப்பனுக்குக் காது சுட்டது. அந்தச் சூட்டில் இங்கிலீஷ் பறந்துபோயிற்று.

"டேய், அவன் எங்கடா வந்து சேர்றான்? கிட்ட கிட்ட வந்துகினே கீறான். இன்னாதான் கிட்ட வந்தாலும் தொட மாட்டான். தொடாத அந்த எடம் கீது பாரு, அதாண்டா எல்லை!"

சிரிப்பு நின்றது.

"ஆ!" என்றான் பரசுராமன். அந்த ஆ, பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போயிற்று. புரிந்த முகங்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார் கிருஷ்ணப்பன்.

ஜஹாங்கீர் எழுந்து நின்றார்.

"என்ன சொன்னீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

கிருஷ்ணப்பன் கையிலிருந்த சாக்கட்டியை மேஜைமேல் வைத்தார். இந்த வேலை இல்லையென்றால் வேறு எங்கே போவது?

வேதமாணிக்கம் எழுந்தான். திருநெல்வேலி மளிகைக்காரர் மகன். முந்தின நாள்தான் கரும்பலகையில் மெழுகு தடவி வைத்து அவரைத் தவிக்கவிட்டவன்.

"பழந்தமிழ்ச் செய்யுள், சார். மிகவும் சுத்தமான தமிழ். வாத்தியார் உதாரணத்துக்காகச் சொன்னார்" என்றான் இங்கிலீஷில்.

வகுப்பே பயபக்தியோடு தலையாட்டியது. பரசுராமன் மட்டும் சிரிப்பை அடக்கத் துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கிருஷ்ணப்பன் சட்டென்று பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்கள் நிறைந்ததைப் பையன்கள் பார்த்திருக்கக்கூடும்.

மணி அடித்தது. பையன்கள் கலைந்தார்கள். ஜஹாங்கீர் மெதுவாக நடந்து மேஜையருகே வந்தார். யாராவது கேட்கிறார்களா என்று கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"நான் பொறந்து வளந்ததெல்லாம் இதே ராயபுரம்தான், நைனா" என்றார். "படிச்ச காலத்துலேர்ந்து பேஜாரு பண்ண கணக்கு. இன்னிக்கிதான் புரிஞ்சுது."