துரையின் தட்டு

எங்கள் வீட்டில் படித்த முட்டாள்கள் இருவர்: என் மகன், மருமகள். நாய் துரைக்குப் பச்சைக்கறியா, பாக்கெட் தீனியா என்று உலகப்போரே நடத்தினார்கள்.

"ஓநாய் வம்சம்டி அது! பச்சைக்கறிதான் சரி."

"நீங்க குரங்கு வம்சம்தானே? மரத்துல போய் உக்காருங்க!"

கடைசியில் பந்தயம். முதல் மாதம் கறி, அடுத்த மாதம் தீனி. தோற்றவர் ஆயுள் முழுக்கத் துரையின் கழிவை அள்ள வேண்டும். இருவரும் ஆபீஸ் போவதால், கிராம் கணக்கில் அவர்கள் நிறுத்துவைத்ததைப் போடும் வேலை எனக்கு. டாக்டர் எனக்கு விதித்த உப்பில்லா ஓட்ஸ் கஞ்சிக்காக மட்டும் யாரும் சண்டை போடவில்லை.

இரண்டு மாதமும் துரை பந்தயக் குதிரையாய் மினுமினுத்தது. எது ஜெயித்தது என்று சொல்லத் தெரியாமல் கால்நடை மருத்துவர் கையை விரித்தார்.

"மாமா, தினம் போட்டது நீங்கதான். எது நல்லது? மனசாட்சியோட சொல்லுங்க."

"கறிதாம்மா. மிளகு தூவி வறுத்தா அமிர்தம். தீனிய டீயில முக்கினாலும் தொண்டையில இறங்கல."

இருவரும் வாயைப் பிளந்தார்கள். என் கஞ்சிக் கிண்ணத்தை வழித்து நக்கிக்கொண்டிருந்த துரை நிமிரவேயில்லை.

அன்று முதல் கழிவை அள்ளுவது நான்தான். போகட்டும், எல்லாம் என் கஞ்சிதானே!