நாகலிங்கம் பெயர் இல்லாத நன்றியுரை

கேஷிகா கொப்பி எடுக்கக் கொடுத்த தாளை, கந்தப்பளை பஜாரில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கும் நாகலிங்கம் சத்தமாக வாசித்தார்.

“மருத்துவ பீடத்துக்குத் தெரிவான என்னைப் பாராட்டும் இவ்விழாவில்... அடடே, தோட்டத்துக்கே பெருமை புள்ள!”

நன்றி சொல்லும் இடம் வந்ததும் அவர் முகம் சுருங்கியது.

“பஸ் டிரைவர் சுமன் பேரெல்லாம் இருக்கு?”

“எங்க லயத்து வீடுங்க இருக்கிற முடக்குல தினமும் பஸ்ஸ நிப்பாட்டுறாருங்க, முதலாளி.”

“தோட்டத்துல வேலை பிரிச்சுக் குடுக்கிற கண்டாக்கையா பேருமா?”

“அம்மாவுக்குக் கிட்ட இருக்கிற தேயிலை மலையில வேலை தர்றாரு. அவங்க வெள்ளனா வந்து சமைக்கிறாங்க, நான் படிக்கிறேன்.”

“என் பேரு இல்லையே!”

“நீங்க இன்னும் ஒன்னும் செய்யலீங்களே.”

ஊரே கூடும் விழாவில் தன் பெயர் மட்டும் விடுபடுவதா? நாகலிங்கத்தால் பொறுக்க முடியவில்லை.

“என்ன செய்யணும், சொல்லு!”

கேஷிகா பையிலிருந்து ஒரு தடித்த தாள்கட்டை எடுத்து வைத்தாள். அவரே நின்று அத்தனையையும் காசில்லாமல் கொப்பி எடுத்தார். நன்றியுரையில் ஐந்தாவதாகத் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டார். பிறகுதான் அந்தத் தாள்களைக் கவனித்தார்.

“ஏ.எல். மாதிரி வினாத்தாளாச்சே. உனக்குத்தான் மருத்துவ பீடம் கிடைச்சிருச்சே, இனி எதுக்கு?”

“அதுக்கு முதல்ல பரீட்சை எழுத வேணாங்களா? இன்னும் எட்டு மாசந்தானே இருக்கு.”

“அடிப்பாவி! பாஸாகலன்னா?”

“நன்றி கேக்கக் காத்திருக்கிற அஞ்சு பேர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது? அந்தப் பயத்துலதான் படிக்கிறேன்.”

நாகலிங்கம் சற்று யோசித்தார். நன்றியுரைத் தாளை எடுத்து, ஐந்தாவதாக இருந்த தன் பெயரை வெட்டி, முதலாவது இடத்தில் எழுதினார்.

“அடுத்த கட்டு எப்ப கொண்டு வர்ற?”